கையிலேயே காலாவதியாகும் ஹீரோ பாயின்ட்கள்

கட்டணம் பெற்றுக்கொண்டு டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களை, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பகடை வீசி ஆடும் கதை ஆட்டங்களை, நடத்திக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு, சில குழுக்களுக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். புதிய குழு ஒன்று வந்து சேரும்போது நான் அதிகம் எச்சரிக்க வேண்டியிருப்பது மந்திரங்களைப் பற்றியோ சண்டைக் கணக்கைப் பற்றியோ அல்ல. பாத்ஃபைண்டரில் ஆட்டக்காரர் இக்கட்டில் செலவிடும் சலுகைப் புள்ளியான ஹீரோ பாயின்ட்டுக்கு உரிய, சில பத்திகளுக்குள் அடங்கிவிடும் விதியைப் பற்றித்தான். ஆட்டக்காரர்கள் அந்தப் பாயின்ட்டை ஆபத்துக்கென்று பொத்திப் பொத்தி வைக்கிறார்கள், அமர்வு முடிந்ததும் அது காலாவதியாகிவிடுகிறது.

விதி இதுதான். 2019-இல் வெளிவந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் அமர்வின் தொடக்கத்தில் 1 பாயின்ட் பெறுகிறார். ஒருவர் கையில் 3-க்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த அமர்வுக்கு எதையும் எடுத்துச் செல்ல முடியாது. 1 பாயின்ட் கொடுத்து ஒரு பகடை வீச்சை மீண்டும் வீசலாம், ஆனால் இரண்டாவதாக விழுந்த எண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதையே ஏற்க வேண்டும். இரண்டாவது பயன், சாவிலிருந்து தப்புவது. குற்றுயிராகக் கிடக்கும் பாத்திரத்தின் நிலை மேலும் மோசமாகும் தறுவாயில், கையிலிருக்கும் எல்லா பாயின்ட்களையும் கொடுத்துவிட்டால் உயிர் நிலைத்துவிடும்.

எல்லா பாயின்ட்களையும் என்ற அந்தச் சொல்லைத்தான் பலரும் சரியாகப் படிப்பதில்லை. மூன்று வைத்திருப்பவர் மூன்றையும் இழக்கிறார், ஒன்று வைத்திருப்பவர் ஒன்றை மட்டும் இழக்கிறார், இருவருக்கும் கிடைப்பது ஒரே உயிர்தான். ஆக உயிர்க்காப்புக்குத் தேவையானது ஒரே ஒரு பாயின்ட். இரண்டாவதும் மூன்றாவதும் அந்தப் பாதுகாப்பில் எள்ளளவும் கூட்டுவதில்லை. இரண்டாவது பாயின்ட் கைக்கு வந்த நொடியிலிருந்தே ஒன்றைத் தாராளமாகச் செலவிடலாம் என்பதை ஒருமுறை விளக்கிவிட்டால், மேசையின் போக்கே மாறிவிடுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

அடுத்த கேள்வி, எந்த வீச்சுக்குச் செலவிடுவது என்பது. ஒரு திருடன் பாத்திரம் பூட்டிய பெட்டியின் பொறியைச் செயலிழக்கச் செய்ய முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இலக்கெண், அதாவது பகடையில் விழும் எண்ணும் திறனும் சேர்ந்து எட்ட வேண்டிய எண், 20; அதன் திறன் 12. இருபது முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும், வாய்ப்பு 65 விழுக்காடு. விழுந்ததோ 3. ஆட்டக்காரர் "போகட்டும், பெரிய சண்டைக்கு இருக்கட்டும்" என்று பாயின்ட்டை விட்டுவிடுகிறார். பிறகு பெரிய சண்டை வருகிறது, ஒரே முறையில் மூன்று தடவை வாள் வீசுகிறார். முதல் வீச்சுக்கு 10 விழுந்தால் போதுமானதாக இருந்தது, வாய்ப்பு 55 விழுக்காடு; அடுத்தடுத்த தாக்குதலுக்கான கழிவு ஏறி மூன்றாவது வீச்சில் 10 குறைந்துவிட, இப்போது 20 விழுந்தால்தான் உண்டு. அது தவறியதும் ஆவேசத்தில் பாயின்ட்டை எடுத்து நீட்டுகிறார். 65 விழுக்காடு பலன் தந்திருக்கக்கூடிய காசு, 5 விழுக்காட்டுக்குப் போகிறது. தோற்ற பிறகு மீண்டும் வீசுவதால் கிடைக்கும் பலன் அந்த வீச்சின் மூல வாய்ப்புதான்; ஆகையால் எளிதாக இருந்தும் தவறிப்போன வீச்சே பாயின்ட்டுக்கு உரிய இடம். மனம் இதற்கு நேர்மாறாகத்தான் இழுக்கும், ஏனென்றால் கடினமான வீச்சில்தான் நாடகம் இருக்கிறது.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. இந்த ஆட்டத்தில் இலக்கெண்ணைவிட 10 அல்லது அதற்கும் அதிகமாகக் குறைந்தால் அது வெறும் தோல்வி அல்ல, படுதோல்வி. எதிரியின் மந்திரத்தைத் தாங்கிக்கொள்ளப் பகடையில் 16 தேவைப்படும் ஒருவருக்கு வெற்றி வாய்ப்பு 25 விழுக்காடுதான். ஆனால் பகடையில் 6 அல்லது அதற்குக் கீழே விழுந்து படுதோல்வியில் மாட்டியிருந்தால், மறுவீச்சில் 7 அல்லது அதற்கு மேல் விழுந்தாலே சாதாரணத் தோல்வியோடு தப்பிவிடலாம். அந்த வாய்ப்பு 70 விழுக்காடு. ஒரு பாத்திரம் சண்டை முழுவதும் கல்லாய்ச் சமைந்து நிற்பதற்கும், ஓரிரு சுற்று தடுமாறுவதற்கும் உள்ள வேறுபாடு சில வேளைகளில் இதில்தான் இருக்கிறது.

பதுக்கும் பழக்கத்துக்கு ஆட்டக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது, விதிகளை எழுதியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1984-இல் வந்த மார்வெல் சூப்பர் ஹீரோஸ் ஆட்டத்தில் கர்மா என்ற ஒரே கணக்கிலிருந்துதான் வீச்சையும் உயர்த்திக்கொள்ள வேண்டும், பாத்திரத்தின் வளர்ச்சிக்கும் எடுக்க வேண்டும். இன்று செலவிட்டால் நாளைய வளர்ச்சி குறையும் என்றால் யார் செலவிடுவார்கள்? 1986-இன் வார்ஹேமர் ஃபேன்டஸி ரோல்பிளேயில் விதிப் புள்ளிகள் சாவைத் தவிர்ப்பதற்கென்றே இருந்தன, செலவிட்டால் மீண்டும் வராது. அதன் 2005-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு, உயிர்க்காப்பை ஒரு கணக்காகவும் நாள்தோறும் புதுப்பிக்கப்படும் மறுவீச்சை இன்னொரு கணக்காகவும் பிரித்து வைத்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது. ஃபேட் ஆட்டத்தின் வழி முற்றிலும் வேறு: தன் பாத்திரத்தின் குறையால் வரும் தொல்லையை ஆட்டக்காரர் ஏற்றுக்கொண்டால் பாயின்ட் வரும், மறுத்தால் கையிலிருப்பது போகும். அங்கே வரவுக்கான வழி ஆட்டக்காரர் கையிலேயே இருப்பதால் பதுக்க வேண்டிய அவசியம் அதிகம் எழுவதில்லை.

பாத்ஃபைண்டரில் வரவு முழுக்க ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரின் கையில். முதல் மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கு ஒன்று என்ற அளவில் வழங்கும்படி விதிநூல் சொல்கிறது. நால்வர் ஆடும் நான்கு மணி நேர அமர்வில் தொடக்கத்தின் 4, பிறகு 3, ஆக மொத்தம் 7. இந்த மூன்றையும் வழங்க மறந்துவிடுவதுதான் எங்கள் தரப்பில் பரவலாக இருக்கும் குறை. ஒரு கையால் அரக்கனையும் மறு கையால் வரைபடத்தையும் கவனிப்பவருக்கு மறதி இயல்புதான், ஆனால் வரவு நிச்சயமில்லாதபோது சிக்கனம் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. நான் கேரம் காய்களைப் பயன்படுத்துகிறேன். வழங்க வேண்டிய மூன்று கறுப்புக் காய்களை, என் குறிப்புகளையும் பகடைகளையும் மறைக்கும் திரைக்கு வெளியே, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிடுவேன். நான் மறந்தாலும் மேசை நினைவூட்டிவிடும். இணையவழி ஆட்டத்தில் எண்ணிக்கை பாத்திரத் தாளின் மூலையில் ஒளிந்துகொள்வதால், பொதுத் திரையில் பெயர்களோடு தனியாக எழுதி வைப்பது நல்லது.

யாருக்கு வழங்குவது என்பதிலும் கவனம் தேவை. நன்றாக நடித்தவருக்கு, சிரிக்க வைத்தவருக்கு என்று கொடுத்துக்கொண்டே போனால் வாய்ச்சாலகமுள்ள ஓரிருவரிடமே எல்லாம் குவியும். ஒதுங்கி உட்கார்ந்து தோழனின் காயத்துக்குக் கட்டுப்போட்டவரிடம் ஒன்றும் சேராது. சமோசா வாங்கி வந்தவருக்கு ஒன்று என்ற வழக்கமும் சில மேசைகளில் உண்டு. வேடிக்கைதான், ஆனால் ஆட்டத்துக்குள் நடந்த செயலுக்கே அந்தக் காய் போகட்டும் என்பது என் கருத்து.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இதற்கு இணையானது இன்ஸ்பிரேஷன். 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி வீசுவதற்கு முன்பே அதை அறிவித்து, இரண்டு பகடைகளில் உயர்ந்ததை எடுக்க வேண்டும். 11 தேவைப்படும்போது வாய்ப்பு 50-இலிருந்து 75 விழுக்காட்டுக்கு ஏறும். பகடையில் 19 தேவைப்பட்டால் வாய்ப்பு 10-இலிருந்து வெறும் 19 விழுக்காடாகும். நடுத்தரக் கடினத்துக்கே அது பொருந்தும். 2024 விதிகளில் வீசிய உடனே மறுவீச்சு செய்யலாம் என்று ஆனதால், மேலே சொன்ன பாத்ஃபைண்டர் கணக்கே பெரும்பாலும் இங்கும் செல்லும். ஒருவரிடம் ஒன்றுதான் இருக்க முடியும் என்பதால் இங்கே பதுக்கல் இன்னும் வீண். புதிதாக வருவதைத் தனக்கென்று வைத்துக்கொள்ள இடமே இருக்காது.

கடைசியாகக் கேம் மாஸ்டர்களுக்கு. அமர்வு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது கையிருப்பை உரக்கச் சொல்லுங்கள். பாயின்ட் இருக்கிறதே என்று இலக்கெண்ணை உயர்த்தாதீர்கள், தமக்குக் கிடைத்த சலுகைக்கான விலையை ஆட்டக்காரரே கட்டியதாகிவிடும். அதைவிட முக்கியமானது, திரைக்குப் பின்னால் விழுந்த எண்ணை மாற்றிச் சொல்லி ஒரு பாத்திரத்தைக் காப்பாற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதை ஒருமுறை கண்டுகொண்ட ஆட்டக்காரருக்கு ஹீரோ பாயின்ட் எதற்கு என்ற கேள்வி வரும். உயிர்க்காப்பை இலவசமாகப் பெறுபவர் அதற்கென்று எதையும் எடுத்துவைக்கவும் மாட்டார், உரிய நேரத்தில் செலவிடவும் மாட்டார்.