கதவில் ஒரு விசிறி

நம் ஊரில் வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "காற்று வருமா?" என்றுதான். மிகக் குறைந்த வெப்பமூட்டலே தேவைப்படும் வீடுகளுக்காக ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உருவான 'பாசிவ் ஹவுஸ்' சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் கேள்வி தலைகீழாகிவிடும்: காற்று எவ்வளவு ஒழுகுகிறது?

அந்நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியில், 1991-இல் நான்கு வீடுகள் கொண்ட ஒரு வரிசையில் மக்கள் குடியேறினார்கள். இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்ட்டும் ஸ்வீடன் பேராசிரியர் போ ஆடம்சனும் யோசித்து வகுத்த முறையின் முதல் வீடுகள் அவை. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் வெப்பம் தேவைப்படக் கூடாது என்பது பின்னர் வந்த சான்றிதழின் வரம்பு. கடுங்குளிரிலும் சதுர மீட்டருக்குப் 10 வாட் போதும் என்றால் அதையும் ஏற்கிறார்கள். மனித உடல் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 20 சதுர மீட்டர் அறையில் இருவர் உட்கார்ந்து பேசினால் கணக்குச் சரியாகிவிடும்.

மூன்றடுக்குக் கண்ணாடி, ஒரு சாணுக்கு மேல் தடித்த வெப்பத்தடுப்புச் சுவர் எல்லாம் பணம் இருந்தால் நடக்கும். இடுக்குகளை அடைப்பதுதான் வித்தை.

சோதனை எளியது. வாசல் நிலையில் துணித்திரை கட்டி, அதில் பெரிய விசிறியைப் பொருத்துகிறார்கள். வெளி ஜன்னல்களை மூடி, உள்கதவுகளைத் திறந்துவைத்து, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வரும்வரை விசிறியை ஓட்டுகிறார்கள். 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான் அது. உறிஞ்சி ஒரு முறை, ஊதி ஒரு முறை. மணிக்கு ஒழுகும் காற்று, வீட்டுக் காற்றின் கொள்ளளவில் 0.6 மடங்கைத் தாண்டக் கூடாது. 300 கன மீட்டர் வீட்டுக்கு 180 கன மீட்டர், அவ்வளவுதான் சலுகை.

இத்தனை கறார் வெப்பத்துக்காக மட்டுமல்ல. குளிர்நாட்டில் உள்ளிருந்து கசியும் வெதுவெதுப்பான காற்று ஈரத்தையும் தூக்கிச் செல்கிறது. சுவரின் குளிர்ந்த உட்பகுதியில் அது நீராகப் படியும். கூரை மரம் உளுத்துப்போகும், பூஞ்சை பிடிக்கும். வெளியே எதுவும் தெரியாது.

அப்படியானால் மூச்சு முட்டாதா? முட்டாது. காற்றை மாற்ற ஒரு கருவி இருக்கிறது. அதிலுள்ள மெல்லிய தகடுகளின் ஒரு பக்கம் கெட்ட காற்று வெளியேற, மறுபக்கம் புதுக்காற்று உள்ளே வருகிறது. இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் கைமாறுகிறது. குறைந்தது 75 சதவீதத்தையாவது அந்தக் கருவி மீட்க வேண்டும்.

விசிறிச் சோதனையை உள்பலகை அடிப்பதற்கு முன்பே ஒருமுறை நடத்திவிடுவது கெட்டிக்காரத்தனம். புகைக்குழலைக் கையில் பிடித்து ஜன்னல் மூலை, குழாய் நுழையும் இடம், பிளக் பாயிண்ட் என்று ஒவ்வொன்றாக நகர்வார்கள். நேராக எழும் புகை சட்டென்று ஒரு பக்கம் சாயும். பெரும்பாலும் கடைசி நேரத்தில் யாரோ ஒரு வயருக்காகத் துளையிட்டிருப்பார். அன்றைக்கு ஒரு துண்டு நாடா ஒட்டினால் போதும். பூச்சு முடிந்த பிறகென்றால் சுவரைக் கொத்த வேண்டும்.