ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் செவி கெடும்

பள்ளி பேண்டில் வாசிக்கும் பிள்ளைகள் காதில் ரீங்காரம் கேட்கிறது என்று செவித்திறன் சோதனைக்கு வருவது எனக்குப் புதிதல்ல. ஆயினும் அண்மையில் வந்த கிளாரினெட் மாணவியின் செவித்திறன் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே, இரு காதுகளிலும், எங்களுக்குப் பழகிப்போன அந்தப் பள்ளத்தை, அதாவது உரத்த ஒலியால் செவி கெடுவதன் அடையாளத்தை, கண்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவோடு இணைத்துப் பேசப்படும், கடலைச் சித்தரிக்கும் ‘ஹெப்ரிடீஸ்’ ஓவர்ச்சரின் (ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோன் இசைக்குழுவுக்காக எழுதிய தனிப்படைப்பு) பேண்ட் வடிவத்தை அவளுடைய குழு பயின்று வந்தது. அவளுடைய இருக்கையோ டிரம்பெட் வரிசைக்கு நேர் முன்னால். “இது ராக் கச்சேரி இல்லையே டாக்டர், மைக் கூட வைக்காமல் ஊதுவதுதானே?” என்றார் தந்தை.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒலி மின்சாரத்தால் பெருகியதா, மூச்சுக்காற்றால் எழுந்ததா என்று செவி விசாரிப்பதில்லை. அளவும் நேரமும்தான் அதற்குக் கணக்கு. தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் உச்ச வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அதன்படி 94 டெசிபலுக்கு 1 மணி, 100 டெசிபலுக்கு 15 நிமிடம். மூடிய அறையில் பித்தளை வாத்தியங்களும் சிம்பலும் சேர்ந்து முழங்கும்போது இந்த 100 எளிதில் எட்டப்படும். இயற்கையைப் பாடும் இசை, செவ்வியல் இசை, பிள்ளைகள் வாசிக்கும் இசை என்பதெல்லாம் செவிக்குள் ஒலியை உணரும் மயிர்ச்செல்களுக்குச் சலுகை ஆகாது. அவை செத்தால் மீண்டும் முளைப்பதும் இல்லை.

பயிற்றுநர்களுக்கும் ஒரு வார்த்தை. கடல் என்றாலே உரக்க ஊத வேண்டும் என்று யார் சொன்னார்கள்? 1829 ஆகஸ்ட் 7 அன்று, ஸ்டாஃபாவின் ஃபிங்கல் குகையைக் காண்பதற்கு முந்தைய நாளே, மெண்டல்சோன் இந்த ஓவர்ச்சரின் தொடக்க இசைவரிகளை எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் படகில் அவருக்குக் கடல்நோய் கண்டது தனிக்கதை. மூலத்தில் உரத்த பித்தளை வாத்தியங்களான டிராம்போனும் டியூபாவும் கிடையாது. தாழ்ந்த குரலில் தொடங்கி, நடுவில் கொந்தளித்து, மென்மையாகவே முடிகிறது. இன்று அத்தீவு பசால்ட் எரிமலைப் பாறைத் தூண்களுக்கும் பஃபின் பறவைகளுக்கும் பேர்பெற்ற தேசிய இயற்கைக் காப்பகம். அதன் பெயரைச் சொல்லி, மெல்லிய ஒலிகளைப் பிரித்தறியும் திறனையே பிள்ளைகளிடமிருந்து பறிப்பது என்ன நியாயம்?

டிரம்பெட்டின் வாய் முன்வரிசைப் பிள்ளையின் தலைக்கு நேராக இருக்கக் கூடாது. பின்வரிசையைப் படிமேடையில் ஏற்றுங்கள், இடைவெளி விடுங்கள். உரத்த பகுதிகளை ஒரே மூச்சில் பத்து முறை ஓட்டாமல், சுரமும் விரலும் சரியாகும்வரை தணித்து வாசிக்கச் சொல்லுங்கள். பஞ்சு அடைப்பது பயன் தராது. இசைக் கலைஞர்களுக்கென்று உள்ள காதடைப்பான்கள் எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் தணிப்பதால் சுருதி கெடாது. பயிற்சி முடிந்து வீடு திரும்பும் வழியிலேயே ஹெட்ஃபோன் மாட்டும் பழக்கத்தை, பெற்றோரே, தயவுசெய்து நிறுத்துங்கள். ஆண்டுக்கு ஒரு முறை சோதனை போதும். ஆனால் பயிற்சிக்குப் பிறகு எழுந்த ரீங்காரம் மறுநாள் காலையிலும் அடங்கவில்லை என்றால், போட்டி முடியட்டும் என்று காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள்.