மலைப்பாதையில் இடுப்புத் துப்பாக்கி: வாஷிங்டன் மாநிலச் சட்டம் எதை அனுமதிக்கிறது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வார இறுதிகளில் மலையேறப் போகும் நம்மவர்கள், எதிரில் இறங்கி வரும் ஒருவரின் இடுப்பிலோ மார்பிலோ உறையில் செருகிய கைத்துப்பாக்கியை ஏதேனும் ஒரு நாள் பார்த்திருப்பார்கள். பார்த்தவுடன் மனத்தில் எழும் கேள்விகள் இரண்டு. இப்படித் துப்பாக்கியை வெளியே தெரியும்படி அணிந்து நடப்பது சட்டப்படி சரியா என்பது ஒன்று. அதையே நானும் செய்யலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 'ஆம்' என்பதே விடை. இரண்டாவது கேள்விக்கான விடை, கேட்பவரின் கடவுச்சீட்டில் என்ன விசா ஒட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அமையும்.

அடிப்படை விதியை முதலில் பார்ப்போம். துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிறைந்த ஒருவர், கைத்துப்பாக்கியை வெளிப்படையாக அணிந்துகொண்டு பொது இடத்தில் நடப்பதற்கு வாஷிங்டனில் தனி உரிமம் தேவையில்லை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்று அறிந்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். உரிமம் தேவைப்படுவது வேறு இரண்டு நிலைகளில்: துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து வைக்கும்போதும், குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை வாகனத்தில் கொண்டு செல்லும்போதும். மாநிலச் சட்டத் தொகுப்பின் 9.41.050 பிரிவு இதைச் சொல்கிறது. ஷெரீப் அலுவலகமோ உள்ளூர்க் காவல் துறையோ வழங்கும் மறைவுத் துப்பாக்கி உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். 'குண்டு நிரப்பியது' என்பதன் பொருளையும் கவனிக்க வேண்டும். சுடும் அறையில் தோட்டா இல்லாவிட்டாலும், தோட்டாக்கள் உள்ள மேகசின் துப்பாக்கியில் செருகப்பட்டிருந்தாலே அது குண்டு நிரப்பியதாகக் கொள்ளப்படும்.

வெளிப்படையாக அணிய உரிமமே வேண்டாம் என்றால் மலையேறுபவருக்குச் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். வாஷிங்டனின் மழையிலிருந்து வருகிறது என்பேன். ஸ்னோ லேக் பாதையில் பாதித் தொலைவு ஏறியிருக்கிறீர்கள், தூறல் தொடங்குகிறது, முதுகுப்பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்து அணிகிறீர்கள். கோட்டின் கீழ்விளிம்பு இடுப்பிலிருக்கும் உறையை மூடிய அந்த நொடியில், இதுவரை வெளிப்படையாக இருந்த துப்பாக்கி மறைக்கப்பட்ட துப்பாக்கியாகி விடுகிறது. முதுகுப்பையின் இடுப்புப் பட்டை உறையின் மேல் சரிந்தாலும் இதே கேள்வி எழும். அனுபவமுள்ளவர்கள் பலர் மார்பில் கட்டும் உறையை விரும்புவதற்குப் பட்டையின் தொல்லை ஒரு காரணம். ஆனால் மழைக்கோட்டுக்கு அதுவும் தப்பாது.

இந்த இடத்தில்தான் 9.41.060 பிரிவின் விலக்கு உதவிக்கு வருகிறது. வேட்டை, மீன்பிடிப்பு, முகாமிடுதல், மலைநடை, குதிரையேற்றம் போன்ற சட்டத்துக்கு உட்பட்ட வெளிப்புறப் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருப்பவருக்கு, மறைவு உரிமம் வேண்டும் என்ற நிபந்தனை பொருந்தாது என்று அது கூறுகிறது. அந்த இடத்துக்குச் செல்லும் வழிக்கும் திரும்பும் வழிக்கும்கூட இவ்விலக்கு உண்டு. ஆனால் விலக்கோடு ஒரு கயிறும் கட்டப்பட்டுள்ளது: வேட்டை அல்லது மீன்பிடி உரிமம் இருக்கிறதா என்பது உள்ளிட்ட எல்லாச் சூழ்நிலைகளையும் கருதிப் பார்க்கும்போது, அவர் உண்மையாகவே அத்தகைய செயலில் ஈடுபட்டிருக்கிறார் அல்லது அதற்காகப் பயணம் செய்கிறார் என்று முடிவுசெய்வது நியாயமாக இருக்க வேண்டும். அதாவது, சட்டம் துப்பாக்கியைப் பார்த்து அல்ல, அதை வைத்திருப்பவரின் நாளைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. காலில் சேறு படிந்த பூட்சும், பையில் வரைபடமும் தண்ணீரும், வண்டி முகப்பில் பார்க்கிங் அனுமதியும் இருப்பவருக்கு விளக்கம் சொல்வது எளிது. அதே மனிதர் இறங்கி வரும் வழியில் நார்த் பெண்ட் ஊரில் இரவு உணவுக்கு நிறுத்தி, கோட்டுக்குள் துப்பாக்கியோடு உணவகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அது இன்னும் 'திரும்பும் வழி'தானா என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. சம்பவ இடத்தில் முதலில் முடிவெடுப்பவர் காவலர். உங்கள் தரப்பை நீதிமன்றம் கேட்பது பிறகுதான். ஆகவே, தகுதியுள்ளவர்கள் இந்த விலக்கை மட்டும் நம்பியிராமல் மறைவு உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. உரிமம் இல்லாதவர்களுக்குச் சந்தேகமில்லாத வழி ஒன்று இருக்கிறது: குண்டுகளை நீக்கி, உள்ளே இருப்பது வெளியே தெரியாத மூடிய பெட்டியில் வைத்து வண்டியில் எடுத்துச் செல்வதற்கு அதே பிரிவு தனியாக இடமளிக்கிறது.

வயது குறித்த ஒரு நுணுக்கமும் இதனுள் இருக்கிறது. 18 முதல் 20 வயது வரை உள்ளவர்கள் கைத்துப்பாக்கியைத் தம் வீடு, தொழிலிடம், சொந்த நிலம் ஆகிய இடங்களில் மட்டுமே வைத்திருக்கலாம் என்பது பொதுவிதி. ஆயினும் அந்த விதியே 9.41.060இன் விலக்குகளை ஏற்றுக்கொள்வதால், மலைநடையின்போது மட்டும் அவர்களுக்கும் கதவு திறக்கிறது.

அடுத்தது, காலடியில் இருக்கும் நிலம் யாருடையது என்பது. ஐ-90 நெடுஞ்சாலையை ஒட்டி அரை மணி நேரத் தொலைவுக்குள் உள்ள பாதைகளே வெவ்வேறு உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. இதை அறிய எளிய உபாயம், பார்க்கிங் இடத்தில் எந்த அனுமதிச் சீட்டு கேட்கிறார்கள் என்று பார்ப்பதுதான். டிஸ்கவர் பாஸ் கேட்டால் மாநில அரசின் நிலம். மவுண்ட் சை அப்படிப்பட்டது. நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் கேட்டால் கூட்டாட்சி வனத்துறையின் நிலம். ஸ்னோ லேக் பாதை அதற்கு எடுத்துக்காட்டு. வனத்துறை நிலத்தில் துப்பாக்கியை அணிந்து செல்வதற்கு மாநிலச் சட்டமே அளவுகோல். சுடுவதற்குத்தான் தனிக் கட்டுப்பாடு: குடியிருப்பு, கட்டடம், முகாமிடம், மேம்படுத்தப்பட்ட பொழுதுபோக்கு இடம், ஆட்கள் இருக்கும் பகுதி ஆகியவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் சுடக் கூடாது, வனச்சாலையின் மேலோ சாலையைத் தாண்டியோ சுடக் கூடாது, குகைக்குள் சுடக் கூடாது.

தேசியப் பூங்காக்களின் கதை சற்றே விசித்திரமானது. 1980களிலிருந்து நடைமுறையில் இருந்த விதிப்படி, பூங்காவுக்குள் துப்பாக்கியைக் குண்டு நீக்கி, கைக்கு எட்டாதபடி கட்டி வைத்தே கொண்டு செல்ல வேண்டியிருந்தது. 2008 டிசம்பரில் அரசு அந்த விதியைத் தளர்த்தி வெளியிட்ட புதிய விதிக்கு, 2009 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தடை விதித்தது. அடுத்த இரண்டே மாதங்களில், ஓக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் கொண்டுவந்த திருத்தம், கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்களைக் காக்கும் சட்டம் ஒன்றோடு ஒட்டிக்கொண்டு நிறைவேறியது. வட்டி விகிதத்துக்கும் மலைக் கரடிக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். அமெரிக்க நாடாளுமன்றத்தில் இப்படிப்பட்ட இணைப்பு வழக்கமானதுதான். அதிபர் ஒபாமா 2009 மே 22 அன்று கையெழுத்திட்ட அந்தச் சட்டம், துப்பாக்கி தொடர்பான பகுதியைப் பொறுத்தவரை 2010 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பூங்கா எந்த மாநிலத்தில் அமைந்திருக்கிறதோ அந்த மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு, வேறு வகையில் தடை இல்லாத எவரும் பூங்காவுக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை, தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் கூட்டாட்சி உள்துறை தடுக்க முடியாது. மவுண்ட் ரெய்னியர், ஒலிம்பிக், நார்த் காஸ்கேட்ஸ் ஆகிய மூன்றுமே முழுவதும் வாஷிங்டனுக்குள் இருப்பதால், மேலே சொன்ன மாநில விதிகள் இங்கும் செல்லும்.

ஆனால் பூங்காவின் கட்டடங்கள் அப்படியல்ல. கூட்டாட்சி ஊழியர்கள் வழக்கமாகப் பணிபுரியும் கட்டடத்துக்குள் துப்பாக்கி கொண்டு செல்வது தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். மவுண்ட் ரெய்னியரின் பாரடைஸ் பகுதியில் நடையைத் தொடங்குபவர் இடுப்பில் துப்பாக்கியோடு பனிப்புல்வெளியில் நடக்கலாம். அருகிலுள்ள பார்வையாளர் மையத்துக்குள் கழிப்பறைக்காக எட்டிப்பார்க்கக்கூட அதே துப்பாக்கியோடு நுழைய முடியாது. வாசலில் தடை அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கும். துப்பாக்கியை வண்டியில் விட்டுச் செல்வதென்றால், வண்டி பூட்டப்பட்டு, துப்பாக்கி வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாதபடி இருக்க வேண்டும் என்பது மாநில விதி. மேலும், பூங்காவுக்குள் வைத்திருக்கலாம் என்பதால் சுடலாம் என்று ஆகிவிடாது. வேட்டைக்கென அனுமதிக்கப்பட்ட பகுதிகளைத் தவிர, தேசியப் பூங்காவில் துப்பாக்கியைப் பயன்படுத்துவதற்கான தடை அப்படியே நீடிக்கிறது.

எல்லைகளைத் தாண்டும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஷை ஷை கடற்கரை ஒலிம்பிக் பூங்காவுக்குள் இருந்தாலும், அதற்கான பாதை மக்கா பழங்குடியினரின் காப்புநிலத்தில் தொடங்குகிறது; அங்கே நுழைவு அனுமதியும் அவர்களுடையது, சட்டமும் அவர்களுடையது, எனவே முன்கூட்டியே கேட்டறிந்துகொள்ள வேண்டும். வாஷிங்டன் வழங்கிய மறைவு உரிமத்தை அண்டை மாநிலமான ஆரிகன் ஏற்பதில்லை. வடக்கே கனடாவுக்குள் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நடந்துபோவது நேராகச் சிறைக்கு வழி.

நகரப் பூங்காக்களுக்கு நகராட்சி தானாகத் தடை போட முடியாது. சியாட்டில் நகரம் 2009இல் தன் பூங்காக்களில் துப்பாக்கியைத் தடுக்க முயன்றபோது, துப்பாக்கிச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கே உரியது என்று கூறி நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. அந்தச் சட்டமன்றமோ தடைசெய்யப்பட்ட இடங்களின் பட்டியலை அவ்வப்போது நீட்டிக்கொண்டிருக்கிறது. 2024இல் நூலகம், விலங்குக் காட்சிசாலை, மீன் காட்சியகம், பேருந்து மற்றும் ரயில் நிலையங்கள் ஆகியவை சேர்ந்தன. அந்தப் பட்டியல் உள்ள 9.41.300 பிரிவின் அன்றைய வடிவத்தை மாநிலச் சட்டமன்றத்தின் இணையதளத்தில் ஒருமுறை படித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

எங்கும் பொருந்தும் விதி ஒன்று உண்டு. பிறரை மிரட்டும் நோக்கத்தை வெளிப்படுத்தும் விதத்திலோ, பிறர் பாதுகாப்புக் குறித்து அஞ்ச நியாயமான காரணம் தரும் விதத்திலோ, சூழலிலோ ஆயுதத்தை ஏந்துவதும் காட்டுவதும் 9.41.270இன் கீழ் குற்றம். 364 நாள் வரை சிறையும் 5,000 டாலர் வரை அபராதமும் விதிக்கப்படலாம். உறைக்குள் அமைதியாக இருக்கும் துப்பாக்கி ஒன்று. கட்டவிழ்ந்து ஓடிவரும் நாயின் சொந்தக்காரரோடு வாக்குவாதம் முற்றும்போது உறையின் மேல் கை வைப்பது முற்றிலும் வேறொன்று.

இனி, நம்மில் பலருக்கு முதல் வரியிலேயே முடிந்துவிடும் பகுதிக்கு வருவோம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் அமெரிக்காவுக்கு வந்திருப்பவர்கள், சில விலக்குகளைத் தவிர, துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2022இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் இதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டுகள். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுக்கான ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் பெற்று, கிரீன் கார்டு வரிசையில் பத்து ஆண்டுகளாக நிற்பவருக்கும், கையில் இருப்பது எச்-1பி என்றால் இதே நிலைதான். வரிசை அவருடைய விசா வகையை மாற்றுவதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் வாஷிங்டனில் அது மட்டும் போதாது: குடிமகன் அல்லாதவர், நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருந்தாலன்றி, ஷெரீப்பிடம் அந்நியர் துப்பாக்கி உரிமம் பெற வேண்டும், வேட்டைக்கென வெளிநாட்டிலிருந்து வருவோர் போன்ற சிலருக்கே இதில் விலக்கு. அது இல்லாமல் வைத்திருப்பது மாநிலச் சட்டப்படியும் பெருங்குற்றம். கிரீன் கார்டு வந்துவிட்டவருக்கு இந்த இரு தடைகளும் இல்லை.

'வைத்திருத்தல்' என்ற சொல்லுக்குச் சொந்தமாக வாங்கியிருப்பது என்று மட்டும் பொருளில்லை. ஃபுளோரிடாவில் படிக்க வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, மாணவர் தகுதியை இழந்த ஓர் அரபு நாட்டு இளைஞர், துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்துக்குப் போய் இரண்டு துப்பாக்கிகளால் சுட்டதற்காக 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தன் தகுதி போய்விட்டது என்பதை அவர் அறிந்திருந்தார் என அரசு நிரூபிக்க வேண்டும் என்று கூறி 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. ஆனால் பயிற்சிக்கூடத்தில் சற்று நேரம் கையில் பிடித்ததே வழக்குக்குப் போதுமானதாக இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். எச்-1பி வைத்திருப்பவருக்குத் தன் விசா என்னவென்று தெரியாது என்று யாரும் வாதாட முடியாது. மலையுச்சியில் நண்பர் தன் உறையிலிருந்து எடுத்து, "ஒரு படம் எடுத்துக்கொள்" என்று நீட்டும் துப்பாக்கியை, கிரீன் கார்டு கைக்கு வரும்வரை, வாங்காமல் இருந்துவிடுங்கள்.