பீன்ஸ் வேகும்போது நடப்பது

பீன்ஸ் என்பது விதை முற்றுவதற்கு முன்பே பறித்த பிஞ்சு. அதன் சத்துக் கணக்கு முழுவதும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதே இனத்தின் முற்றிக் காய்ந்த விதைதான் ராஜ்மா. 100 கிராம் காய்ந்த ராஜ்மாவில் கார்போஹைட்ரேட் சுமார் 60 கிராம். வேகவைத்த பீன்ஸிலோ 8 கிராம்தான், அதிலும் 3 கிராம் நார்ச்சத்து. மீதி பெரும்பாலும் தண்ணீர். அதனால்தான் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தயங்காமல் சாப்பிடக்கூடிய காய்களில் ஒன்றாக இது இருக்கிறது. ஆனால் புரதம் 2 கிராம்கூடத் தேறாது. பயறு வகைக் குடும்பம்தானே என்று நினைத்துப் பருப்புக்குப் பதிலாக இதை வைத்துவிடக் கூடாது.

100 கிராம் வெந்த பீன்ஸில் 35 கலோரிதான். அதில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால் 120 கலோரி கூடுகிறது. தட்டில் இருப்பது லேசான உணவா, கனமான உணவா என்பதைக் காய் தீர்மானிப்பதில்லை, எண்ணெய்தான் தீர்மானிக்கிறது. சரி, எண்ணெயே வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாமா? அதுவும் சரியில்லை. பீன்ஸில் உள்ள பீட்டா கரோட்டின், லூட்டீன், வைட்டமின் கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. கொஞ்சம் கொழுப்பு கூட இருந்தால்தான் குடல் அவற்றை நன்றாக உறிஞ்சும். ஒரு தேக்கரண்டி போதும்.

வைட்டமின் சி, ஃபோலேட், பொட்டாசியம் ஆகியவை தண்ணீரில் கரைபவை. நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அவற்றில் ஒரு பங்கு வடிநீரோடு போய்விடும். ஆவியில் வேகவைப்பது, அல்லது கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து அது வற்றும்வரை வதக்குவது, இரண்டுமே நல்ல வழிகள்.

நிறம் மாறுவதற்குப் பின்னால் ஓர் அழகான வேதியியல் இருக்கிறது. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அணு இருக்கும். சூட்டில் செல்கள் உடையும்போது, காய்க்குள் அடைபட்டிருந்த அமிலங்கள் வெளியே வருகின்றன. அமிலத்தின் ஹைட்ரஜன், மக்னீசியத்தை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. உடனே பளிச்சென்ற பச்சை மங்கி, பழுப்பு கலந்த பச்சையாகிறது. முதல் சில நிமிடங்கள் மூடாமல் வேகவைத்தால் அமிலத்தில் கொஞ்சம் ஆவியோடு வெளியேறிவிடும். தக்காளியையும் எலுமிச்சையையும் கடைசியில் சேர்க்கச் சொல்வதும் இதற்காகத்தான். அவற்றின் அமிலம் நிறத்தைக் கெடுப்பதோடு, செல்சுவரில் பசைபோல இருக்கும் பெக்டினைக் கரையவிடாமல் காயை விறைப்பாகவே வைத்திருக்கும். சமையல் சோடா போட்டால் இதற்கு நேர்மாறு: நிறம் நிற்கும், ஆனால் காய் குழைந்துபோகும், வைட்டமின் சியும் தயமினும் (வைட்டமின் பி1) அழியும். நிறத்துக்காகச் சத்தை விட்டுக்கொடுக்கும் இந்த வழி எனக்கு உடன்பாடில்லை.

அதற்காகப் பச்சையாக மென்று தின்னவும் வேண்டாம். பீன்ஸ் இனத்தில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் வகைப் புரதம் இருக்கிறது. அது வாந்தியையும் வயிற்றுக்கோளாறையும் உண்டாக்கக்கூடியது. முற்றிய விதையில் இருக்கும் அளவு பிஞ்சில் இல்லை என்றாலும், கொதிக்கும் சூட்டில் சில நிமிடங்கள் வெந்துவிடுவது நல்லது. அப்புறமும் காய் மொறுமொறுப்பாகவே இருக்கும்.

வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பீன்ஸை விலக்கத் தேவையில்லை. ஒரு வாரம் தினமும் தின்று, அடுத்த வாரம் தொடாமலே இருப்பதுதான் சிக்கல். அளவு ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தால், மருந்தின் அளவை மருத்துவர் அதற்கேற்ப அமைப்பார்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் கணக்கு வேறு. 100 கிராம் வெந்த பீன்ஸில் பொட்டாசியம் சுமார் 150 மில்லிகிராம், காய்களுக்குள் இது குறைவுதான். அதையும் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியிருந்தால், மற்றவர்கள் வீணாக்கக் கூடாத அந்த வடிநீரை அவர்கள் கொட்டிவிடுவதே சரி. உப்பையும் அளந்து போட வேண்டும்.