டிவி ரெக்கார்ட் செய்யும் குட்டிக் கம்ப்யூட்டர் ஏன் கொதிக்கிறது?

கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் டிவி இருக்கும் இடம் பெரும்பாலும் சுவரோடு கட்டிய சிமென்ட் ஷோகேஸ்தான். மூன்று பக்கம் சுவர், மேலே ஸ்லாப், கீழ்த்தட்டுக்குச் சறுக்குக் கண்ணாடி. அலுவலகங்கள் கழித்துவிட்ட குட்டிக் கேபினெட் கம்ப்யூட்டர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதில் ஒரு டிவி டியூனரை (டிவி சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் கருவி) பொருத்தி, அந்தக் கீழ்த்தட்டில் வைத்து நிகழ்ச்சிகளை ரெக்கார்ட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மார்கழியில் எந்தத் தொல்லையும் இல்லை. சித்திரை பிறந்ததும் ரெக்கார்டிங் நடுவில் மெஷின் தானாக அணைந்துவிடும். "ரெக்கார்ட் பண்றது பெரிய லோடு, இந்தப் பழைய பிராசசர் தாங்காது" என்று பலரும் முடிவு கட்டிவிடுவார்கள்.

அது தவறான முடிவு. கம்ப்யூட்டர் செய்யும் வேலைகளிலேயே டிவி ரெக்கார்டிங் மிக லேசானவற்றில் ஒன்று. ஏன் என்று பார்க்க மொட்டை மாடிக்குப் போக வேண்டும்.

தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் சேவை ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட அது கிழக்கு 93.5 டிகிரியில் நிலைகொண்டிருக்கிறது. நம் மாவட்டம் ஏறக்குறைய கிழக்கு 78 டிகிரியில் இருப்பதால், இங்கிருந்து அது தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து சுமார் 67 டிகிரி உயரத்தில் தெரியும். சிக்னல் 11 ஜிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வருகிறது. அவ்வளவு உயர்ந்த அலைவரிசை சாதாரண கோஆக்ஸ் கேபிளில் சில மீட்டர் போவதற்குள்ளேயே செத்துவிடும். அதனால் டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்என்பி, தன்னுள் இருக்கும் 9.75 ஜிகாஹெர்ட்ஸ் அலையோடு அதைக் கலந்து வித்தியாசத்தை மட்டும் கீழே அனுப்புகிறது. 11.09 வந்தால் 1.34 ஜிகாஹெர்ட்ஸாக இறங்கும். எல்என்பிக்கு வேண்டிய மின்சாரம் அதே கேபிளில் மேலே போகிறது. 13 வோல்ட் அனுப்பினால் ஒரு திசையில் அதிரும் அலைகளை எல்என்பி எடுக்கும், 18 வோல்ட் அனுப்பினால் இன்னொரு திசையில் அதிர்பவற்றை. இந்த மின்சாரத்தைத் தருவது டியூனர்தான். அது எவ்வளவு சூடாகும் என்பதற்குப் பிறகு வருவோம்.

கீழே வரும் சிக்னலில் ஒரு சேனல் மட்டும் இருப்பதில்லை. ஒரு டிரான்ஸ்பாண்டரில் (செயற்கைக்கோளின் ஒரு ஒளிபரப்பு வழி) வினாடிக்குச் சுமார் 40 மெகாபிட் தரவு, அதில் பல சேனல்கள் கலந்து வருகின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர் என்று வேறுவேறு டிக்கெட்டோடு ஒன்றாக உட்கார்ந்து வருகிறார்களே, அப்படி. தரவு முழுவதும் 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் இது எந்தச் சேனலின் படம், எந்தச் சேனலின் ஒலி என்று சொல்லும் எண் ஒன்று இருக்கும். ரெக்கார்ட் செய்யும் சாஃப்ட்வேர் அந்த எண்ணைப் பார்த்து வேண்டிய பொட்டலத்தை எடுத்து அப்படியே டிஸ்க்கில் போடுகிறது. அவ்வளவுதான். படம் ஏற்கெனவே ஒளிபரப்பும் இடத்திலேயே எம்பெக் முறையில் சுருக்கப்பட்டுவிட்டது. நம் கம்ப்யூட்டர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

அனலாக் காலத்தில் கதை வேறு. டியூனர் கார்டு தந்த சுருக்காத படத்தைக் கம்ப்யூட்டரே உட்கார்ந்து சுருக்க வேண்டியிருந்தது. அன்றைய பிராசசர்களுக்கு அது முழு நேர வேலை. "ரெக்கார்டிங் என்றால் லோடு" என்ற நினைப்பு அந்தக் காலத்து மிச்சம். இன்று ஒரு சாதாரணச் சேனல் வினாடிக்கு 3 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 1.35 ஜிகாபைட். வினாடிக்கு அரை மெகாபைட்கூட இல்லை. பென் டிரைவுக்கு ஒரு பாட்டை காப்பி செய்வது இதைவிடப் பெரிய வேலை.

இதில் நம் எல்லையோர மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. ஒரே வீட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. பெரியம்மாவுக்குக் கன்னட டிடி சந்தனா வேண்டும், மற்றவர்களுக்கு டிடி தமிழ் வேண்டும். இரண்டும் ஒரே டிரான்ஸ்பாண்டரில் வந்தால் ஒரே டியூனர் இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவு செய்துவிடும். வேறுவேறு டிரான்ஸ்பாண்டர் என்றால் இரண்டு டியூனரும், இரட்டை வெளியீடு உள்ள எல்என்பியும் வேண்டும். கட்டண டிடிஎச், டிஜிட்டல் கேபிள் சேனல்கள் இந்த வழிக்கு வராது. அவற்றின் பொட்டலங்கள் பூட்டப்பட்டே வருகின்றன, சாவி அவர்களுடைய பெட்டியில்தான் இருக்கிறது.

கரண்ட் கட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று முன்னறிவிப்போடு நிறுத்துவதைச் சமாளித்துவிடலாம். கோடை மழையோடு வரும் காற்றுக்குத் திடீரென்று போகிறதே, அதுதான் ரெக்கார்டிங்கைக் கெடுக்கும். ஆனால் பொட்டலங்களை அப்படியே சேமித்த டிஎஸ் கோப்பு பிழைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பொட்டலமும் ஒரே அடையாள பைட்டில் தொடங்குவதால், பிளேயர் எந்த இடத்திலிருந்தும் தாளம் பிடித்துப் படிக்க முடியும். எம்பி4 கோப்பு அப்படியல்ல. அதற்கு வேண்டிய அட்டவணையைப் பொதுவாகக் கடைசியில்தான் எழுதுவார்கள். அதற்குள் கரண்ட் போனால் இரண்டு மணி நேரப் பதிவும் திறக்காமல் போகலாம். ஆகவே நேரடியாக எம்பி4-இல் ரெக்கார்ட் செய்யச் சொல்லும் வசதி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் வேண்டாம்.

சரி, வேலை லேசு என்றால் சூடு எங்கிருந்து வருகிறது? வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் உள்ளே எரிந்துகொண்டிருக்கும் சில்லறைகளிலிருந்து. பழைய பெரிய ஹார்டு டிஸ்க் 5 முதல் 8 வாட். டியூனரும் அது எல்என்பிக்குக் கொடுக்கும் மின்சாரமும் சேர்ந்து சில வாட். மதர்போர்டு, மெமரி இன்னும் கொஞ்சம். பிராசசர் சும்மா இருக்கும்போது குறைவு, ரெக்கார்ட் ஆகும்போதே வேறொன்றைப் பார்த்தால் கூடுதல். 230 வோல்ட்டைச் சிறு வோல்ட்டாக மாற்றும் பவர் சப்ளையில் வீணாவது 10 வாட்டுக்கு மேல். மொத்தம் 60 வாட் என்று வையுங்கள். ஒரு பழைய குண்டு பல்பு எரிவதற்குச் சமம். பெரிய சூடில்லை, ஆனால் மணிக்கணக்கில் ஓயாமல் வருவது.

இந்த 60 வாட்டைக் காற்று சுமந்து வெளியே போக வேண்டும். உள்ளே வரும் காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியேற வேண்டுமென்றால் எவ்வளவு காற்று தேவை? ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1,000 ஜூல். ஆக வினாடிக்கு 6 கிராம் காற்று, கிருஷ்ணகிரியின் 500 மீட்டர் உயரத்துக்கும் கோடை வெப்பத்துக்கும் அது சுமார் ஐந்தரை லிட்டர். சின்ன ஃபேனே தந்துவிடும் அளவுதான். இப்போது ஷோகேஸுக்கு வருவோம். இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம், ஒன்றரை அடி ஆழம் உள்ள தட்டில் 127 லிட்டர் காற்று இருக்கும். கண்ணாடியை மூடிவிட்டால் அந்தக் காற்று முழுவதும் அரை நிமிடத்துக்குள் ஒருமுறை கம்ப்யூட்டருக்குள் போய் வந்துவிடும். அடுத்த சுற்றில் ஃபேன் இழுப்பது தான் இப்போது தள்ளிய சூட்டையே. சித்திரை மதியம் வெளியே 38 டிகிரி என்றால், தட்டுக்குள் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு விலை உயர்ந்த ஃபேன் போட்டாலும், பிராசசர் மேல் எந்த பேஸ்ட் தடவினாலும் இங்கே எடுபடாது.

ஆகவே முதல் மாற்றம் கம்ப்யூட்டருக்கு வெளியே. கண்ணாடியைக் கழற்றுவதோ, பக்கச் சுவரில் கேபிளுக்காக விட்ட துளையைப் பெரிதாக்குவதோ எது முடியுமோ அது. "சூடான காற்று தானே மேலே போய்விடும்" என்று சின்னத் துளையோடு நிறுத்தக் கூடாது. அரை மீட்டர் உயரத்தில், 10 டிகிரி வித்தியாசத்தில், சூடான காற்று மேலெழும் விசை ஒரு பாஸ்கலில் (அழுத்தத்தின் அலகு) ஆறில் ஒரு பங்குதான். அவ்வளவு பலவீனமான தள்ளலுக்கு வாய் அகலமாக இருக்க வேண்டும். அதோடு கம்ப்யூட்டரின் சூடான வாயைத் திறந்த பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்புறம்தான் கேபினெட். குட்டிக் கேபினெட்டுகளில் 40 அல்லது 60 மில்லிமீட்டர் ஃபேன் வைத்திருப்பார்கள். போதுமான காற்றைத் தர அது வெறிபிடித்துச் சுற்ற வேண்டும், படம் பார்க்கும்போது காதில் ஈ ரீங்கரிக்கிற மாதிரி இருக்கும். ஃபேனின் கணக்கு இது: ஒரே வேகத்தில், குறுக்களவு இரட்டிப்பானால் காற்று எட்டு மடங்கு. அதேபோல், வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும், மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும். பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுவதே சிறந்தது என்பது இதிலிருந்தே தெரிகிறது. மேல் தகட்டில் வட்டமாக வெட்டி 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைப் பிராசசருக்கு நேர் மேலே பொருத்துவதுதான் நான் பரிந்துரைக்கும் மாற்றம். ஒரு எச்சரிக்கை: மெதுவாகச் சுற்றும் ஃபேனின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி குறையும். பாதி வேகம் என்றால் கால் பங்கு அழுத்தம். அதனால் வழியில் தடை இருக்கவே கூடாது. தகட்டில் சின்னச் சின்ன ஓட்டைகளாகக் குத்தியிருக்கும் ஜல்லடையை விட்டுவைக்காமல் முழு வட்டமாக வெட்டி, மெல்லிய கம்பி கார்டு போட வேண்டும். வெட்டும் முன் மதர்போர்டைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். ஒரு இரும்புத் தூள் போதும், போர்டு ஷார்ட் ஆகிவிடும்.

பிராசசரின் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்குக்கும் பிராசசருக்கும் நடுவில் உள்ள பழைய பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும், அதை மாற்றுங்கள். பேஸ்ட் ஒன்றும் சூட்டைக் குளிர்விப்பதில்லை. இரண்டு உலோகப் பரப்புகளுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் தங்கும் காற்றை வெளியேற்றுவதே அதன் வேலை. காற்றைவிடப் பேஸ்ட் நூறு மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும், ஆனால் தாமிரத்தோடு ஒப்பிட்டால் மிக மோசம். ஆகவே ஒரு பருக்கை அளவு போதும், அள்ளிப் பூசினால் நஷ்டம்தான்.

எனக்கு இன்னும் பிடித்த வழி, சூட்டை உண்டாக்குவதையே வெளியே தள்ளிவிடுவது. உள்ளே இருக்கும் பவர் சப்ளையை எடுத்துவிட்டு, லேப்டாப் அடாப்டர் போன்ற 12 வோல்ட் அடாப்டரும் உள்ளே ஒரு சிறு டிசி போர்டும் போட்டால், வீணாகும் 10 வாட்டில் பெரும்பகுதி கேபினெட்டுக்கு வெளியே போய்விடும். பழைய பவர் சப்ளையைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் அதன் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். டியூனரிலும் இதே தந்திரம் உண்டு. யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 2.5 வாட், எல்என்பிக்கே அதற்கு மேல் வேண்டியிருக்கலாம். அதனால் சேட்டிலைட் யுஎஸ்பி டியூனர்கள் பொதுவாகத் தனி அடாப்டரோடு, தனிப் பெட்டியாக வருகின்றன. கார்டுக்குப் பதில் அதை வாங்கினால் அந்தச் சூடு கம்ப்யூட்டரின் கணக்கிலேயே வராது.

பிராசசரின் மின் செலவு வோல்ட்டேஜின் இருமடிப்படி மாறுகிறது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) வசதி இருந்து வோல்ட்டேஜை 10 சதவீதம் இறக்கினால் செலவு 19 சதவீதம் குறையும். வேகத்தைத் தானாகக் கூட்டும் டர்போவை அணைப்பதும் இதே ரகம். பதிவைச் சுருக்குவது, விளம்பரங்களைக் கண்டுபிடித்து வெட்டுவது போன்றவைதான் உண்மையில் பிராசசரைப் பிழியும் வேலைகள். அவற்றை விடியற்காலை மூன்று மணிக்குத் தள்ளிப் போடுங்கள். அப்போது ஹாலில் வெப்பம் பல டிகிரி குறைவு. காசு செலவில்லாத குளிரூட்டல் இதுதான்.

பல பிராசசர்கள் 100 டிகிரி வட்டாரம்வரை தாங்கும், அவற்றுக்காக அதிகம் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியவை ஹார்டு டிஸ்க்கும் கப்பாசிட்டர்களும். பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகளுக்கு 60 டிகிரிதான் எல்லை. கப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையின் அனுபவ விதி. இரவும் பகலும் விழித்திருக்கும் மெஷினுக்கு இதுதான் முக்கியமான எண். அதிர்வுச் சத்தம் குறைய ஹார்டு டிஸ்க்கை ரப்பரில் தொங்கவிடுகிறார்கள். சத்தம் குறையும், ஆனால் தகட்டின் வழியே இறங்கிக்கொண்டிருந்த சூடு டிஸ்க்கிலேயே தங்கும். தொங்கவிட்டால் அதன் மேல் காற்று ஓட வேண்டும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. தினமும் நாலு மணி நேரம் பதிவு செய்தாலும் 5.4 ஜிகாபைட்தான். மொத்தம் 80 டெராபைட்வரை எழுதலாம் என்ற வரம்புள்ள டிஸ்க்கை அந்தக் கணக்கில் தீர்க்க நாற்பது வருடம் ஆகும்.

பிறகு தூசி. கிரானைட் குவாரியும் பாலிஷ் பட்டறையும் சூழ்ந்த ஊர்களில், ஆடிக்காற்று அடிக்கும்போது கம்ப்யூட்டருக்குள் என்ன போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றை வெளியே உறிஞ்சும் ஃபேனைவிட, ஃபில்டர் வழியாக உள்ளே தள்ளும் ஃபேன் நல்லது. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால் மற்ற இடுக்குகளிலெல்லாம் காற்று வெளியே வரும், தூசி நுழைய வழி ஒன்றுதான், அங்கே ஃபில்டர் இருக்கிறது. நைலான் கொசுவலையை இரட்டையாக மடித்துக் கட்டினால் பஞ்சும் முடியும் நிற்கும், பொடித் தூசி கொஞ்சம் நுழையத்தான் செய்யும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் மெதுவான ஃபேனின் அழுத்தம் அதை வெல்லாது என்பதால் ஆடி, ஆவணி மாதங்களில் அடிக்கடி கழுவ வேண்டும்.

கடைசியாக, எப்போதும் ஓடாமலிருப்பதும் ஒரு குளிரூட்டல். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்கள் அடுத்த நிகழ்ச்சியின் நேரத்தை மதர்போர்டின் கடிகாரத்தில் அலாரமாக வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தூங்கவிடும். தூக்கத்தில் சில வாட்தான் செலவு. அலாரம் அடித்ததும் எழுந்து, பதிவு செய்து, மறுபடி தூங்கும். கரண்ட் போய் வந்தால் தானாக எழ, பயாஸில் மின்சாரம் திரும்பியதும் இயங்கு என்ற தேர்வை இயக்கி வைக்க வேண்டும். அந்தக் கடிகாரத்தைக் காப்பாற்றுவது மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி. பழைய மெஷினில் அது தீர்ந்துபோயிருக்கும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது, வைத்த ரெக்கார்டிங் எதுவும் நடக்கவில்லை என்றால், கேபினெட்டை வெட்டுவதற்கு முன் அந்த பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.