கால் கிலோ பீன்ஸ் நான்கு பேருக்குப் போதுமா?

நான்கு பேர் உள்ள வீட்டில் மதியப் பொரியலுக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்குவது வழக்கம். காம்பும் நாரும் போனால் 230 கிராம் தேறும். தலைக்கு 60 கிராம்கூட இல்லை. சாம்பாரில் இரண்டு முருங்கைக்காய்த் துண்டு, இரவு தோசைக்குத் தேங்காய்ச் சட்னி. நாள் முடிவில் கூட்டிப் பார்த்தால் ஒருவர் வயிற்றுக்குள் 150 கிராம் காய் போயிருந்தால் அதிகம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், அதற்கு மேல் 100 கிராம் பழமும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் என்கிறது. உருளை, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகளை அது இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே உருளைக்கிழங்கு வறுவல் செய்த நாளில் காய் சாப்பிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அது சோற்றோடு இன்னொரு சோறு.

இந்த அளவுப்படி நான்கு பேருக்கு வாரத்துக்குச் சுமார் 11 கிலோ காய், 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பழம். கேட்டதும் மலைப்பாக இருக்கும். ஆனால் புதிதாக எதையும் சமைக்க வேண்டியதில்லை. செய்கிற பண்டத்திலேயே காயின் பங்கைக் கூட்டினால் போதும். காலை உப்புமாவுக்கு 200 கிராம் ரவை என்றால் கேரட், பீன்ஸ், பட்டாணி, வெங்காயம் எல்லாம் சேர்ந்து 300 கிராம் போடுங்கள். தலைக்கு 75 கிராம். மதியப் பொரியல் அரைக் கிலோ, 115 கிராம். சாம்பாரில் 100 கிராம் பருப்புக்கு 400 கிராம் பூசணி, சுரை, கத்தரி, முருங்கை என்று ஏதாவது. கழிவு போக 90 கிராம். இரவு தேங்காய்ச் சட்னிக்குப் பதில் தக்காளி வெங்காயச் சட்னியோ, சப்பாத்திக்குக் காய்கறிக் குருமாவோ வைத்தால் இன்னொரு 100. இத்தனைக்கும் கூட்டுத்தொகை 380. ஒரு வெள்ளரிக்காய்ப் பச்சடி மிச்சத்தை நிரப்பிவிடும். இதெல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. கீரை வெந்தால் வாணலியின் அடியில் ஒடுங்கிவிடுவதால் கட்டு நிறையப் போட்டும் கரண்டியில் கொஞ்சமாகத்தான் வரும். அதைப் பார்த்துக் குறைவாகச் சாப்பிட்டதாகக் கவலைப்பட வேண்டாம்; போனது பெரும்பாலும் தண்ணீர்தான்.

சாப்பிடும் வரிசையிலும் ஒரு நன்மை இருக்கிறது. பொரியலையும் கூட்டையும் பாதியளவு முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றைத் தொட்டால், காயின் நார்ச்சத்து இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு இது காசு செலவில்லாத உதவி. சோறும் தானாகவே ஒரு கரண்டி குறையும்.

அளவு சரியானாலும், சத்து அடுப்படியிலேயே தொலைய வழி உண்டு. வைட்டமின் சி, பி வகை வைட்டமினான ஃபோலேட் இரண்டும் தண்ணீரில் கரைபவை. நறுக்கிய காயைக் கழுவினால் வெட்டுவாய் வழியே அவை வெளியேறும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பெரும்பங்கு சாக்கடைக்குப் போகும். காயை முழுசாக ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிறகு நறுக்க வேண்டும். அரைக் கிலோ பீன்ஸுக்கோ கோஸுக்கோ 100 மில்லி தண்ணீர் தெளித்து, மூடி, மிதமான தீயில் வைத்தால் ஆவியிலேயே வெந்துவிடும். தண்ணீர் மிஞ்சினால் ரசத்திலோ சாம்பாரிலோ ஊற்றுங்கள்.

கீரை மட்டும் கொஞ்சம் வேறு. அதைத் தொடக்கத்திலிருந்தே மூடி வேகவைத்தால் பழுப்பேறிவிடும். கீரையின் பச்சைக்குக் காரணமான பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. சூடு பட்டு இலையின் செல்கள் உடையும்போது அதிலுள்ள அமிலங்கள் வெளிவந்து, மக்னீசியத்தைத் தள்ளிவிட்டு ஹைட்ரஜனை அங்கே உட்கார வைக்கின்றன, நிறம் மங்குகிறது. முதல் சில நிமிடம் திறந்து வைத்தால் அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். சமையல் சோடா போட்டாலும் பச்சை நிலைக்கும், ஆனால் அது வைட்டமின் சி-யையும், தயமின் என்ற பி1 வைட்டமினையும் அழித்துவிடும். அழகுக்காக அந்த விலை கொடுக்க வேண்டாம்.

புளியிலுள்ள அமிலம் வேறொரு வேலை செய்கிறது. காயின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் சுலபமாகக் கரையாது. அதனால்தான் புளிக்கரைசலில் போட்ட காய் எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கிறது. குழம்பு வைக்கும்போது காயைக் கொஞ்சத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு, பிறகு புளி ஊற்றினால் அடுப்பில் கிடக்கும் நேரம் குறையும். சீக்கிரமே புளி ஊற்றிவிட்டுக் குக்கரில் கூடுதல் விசில் விடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

கேரட், மஞ்சள் பூசணி, முருங்கைக்கீரை ஆகியவற்றில் உள்ள, உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டினுக்கு விதி வைட்டமின் சி-க்கு நேர் எதிர். இது எண்ணெயில் கரைவது. செல் சுவருக்குள் சிறைப்பட்டுக் கிடப்பது. வேகவைத்தால் சுவர் தளர்ந்து வெளியே வரும். கூடவே கொழுப்பு இருந்தால்தான் குடல் அதை உறிஞ்சும். எண்ணெயே சேர்க்காமல் பச்சைக் கேரட்டைக் கடித்தால் அதில் இருப்பதில் சிறு பங்குதான் உடலில் சேரும். தாளிப்புக்கு ஆளுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயோ, மேலே தூவும் தேங்காய்த் துருவலோ போதும். தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீனுக்கும் இதேதான்.

கீரையில் இரும்புச்சத்து இருந்தாலும், தாவர இரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் சி அந்த இரும்பை உறிஞ்சத் தகுந்த வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. மசியலை இறக்கியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பிலேயே பிழிந்தால் வைட்டமின் சூட்டில் வீணாகும். தேநீரிலும் காபியிலும் உள்ள பாலிபீனால்கள் இரும்பைப் பிடித்துவைத்துக் கொள்வதால், சாப்பாட்டுக்கும் அவற்றுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

பழத்துக்குச் செலவழிக்க யோசிப்பவர்கள் கொய்யாவைப் பாருங்கள். 100 கிராமில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி. ஆரஞ்சைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 65 முதல் 80 மில்லிகிராம் போதும் என்கிறது இந்தியப் பரிந்துரை, எனவே பாதிக் கொய்யாவிலேயே கணக்கு முடிந்துவிடும். மிளகாய்த்தூள் தூவினால் தப்பில்லை, உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாறு பிழிந்து குடிப்பது மட்டும் வேண்டாம். ஒரு தம்ளருக்கு மூன்று நான்கு ஆரஞ்சு போகிறது. சக்கையோடு நார் போய், சர்க்கரை மட்டும் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையை, தனியாகச் சேர்க்கும் சர்க்கரையோடு சேர்த்தே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

வாங்கியது வாடினால் வாங்கியும் பயனில்லை. வாழை, பப்பாளி, மாம்பழம் பழுக்கும்போது எத்திலீன் வாயுவை விடும். பக்கத்தில் வைத்த கீரையும் வெள்ளரியும் அதனால் மஞ்சளாகும், கேரட் கசக்கும். பழத்தைக் கூடையில் தனியே வையுங்கள். கீரையை வேர் நறுக்கி, கழுவாமல், ஈரமில்லாத துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

இத்தனை காயை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். நாம் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. அதில் உருவாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம் குடலின் உட்சுவர் செல்களுக்கு நல்ல எரிபொருள், கூடவே வாயுவும் வரும். தலைக்கான தினசரிக் காயை வாரத்துக்கு 50 முதல் 80 கிராம் என்று கூட்டிக்கொண்டே போனால் பாக்டீரியாக் கூட்டம் அதற்குப் பழகும். தண்ணீரையும் கூடவே அதிகமாகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நார் மலச்சிக்கலையே உண்டாக்கும்.

இரண்டு வகையினருக்கு இந்த ஆலோசனை அப்படியே பொருந்தாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று மாற்றக் கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். சிறுநீரகம் பழுதானவர்கள் உடலில் பொட்டாசியம் தேங்கி இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால், எந்தக் காய், எந்தப் பழம், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பொட்டாசியமும் தண்ணீரில் கரைவது. எனவே அவர்களுக்கு மட்டும் காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவதே சரியான சமையல்.