ஒரே எண், வேறு வேறு கோளாறு

நம் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதையும் சேர்த்தால் அதில் ஏறக்குறைய 5 கிராம் சர்க்கரைதான் இருக்கும். ஒரு தேக்கரண்டி அளவு. ஒருவேளைச் சாப்பாட்டில் இதைப்போலப் பல மடங்கு உள்ளே வருகிறது. ஆனாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இதைச் சாதிப்பது கணையத்தில் உள்ள பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின்.

செல்லின் கதவைத் திறக்கும் சாவி என்று இன்சுலினைச் சொல்வது வழக்கம். அது பாதிதான் சரி. தசையிலும் கொழுப்பிலும் இந்தக் கதவுகள் செல்லுக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கின்றன. இன்சுலின் வந்து தட்டியதும்தான் மேற்பரப்புக்கு வருகின்றன. மீதிப் பாதி கல்லீரலில் நடக்கிறது. சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரையை விட்டுக்கொண்டிருப்பது கல்லீரல். போதும், நிறுத்து என்று அதற்குச் சொல்வதும் இன்சுலின்தான். ‘ராத்திரி எதுவுமே சாப்பிடவில்லை, காலையில் எப்படிச் சர்க்கரை ஏறியது?’ என்று குழம்புகிறவர்கள் கல்லீரலை மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் எது பழுதானாலும் பரிசோதனைத் தாளில் தெரிவது ஒன்றுதான்: சர்க்கரை அதிகம். வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்துக்கு 126 மில்லிகிராம், அல்லது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் என்பது நீரிழிவின் எல்லைக்கோடு. கோட்டைத் தாண்டியாயிற்று என்று அந்த எண் சொல்லும். எது பழுது என்று சொல்லாது.

இன்சுலின் 1922இல் மருந்தாக வந்த பிறகும், எல்லா நோயாளிகளுக்கும் அது குறைவாக இருப்பதே சிக்கல் என்றுதான் பொதுவாக நினைத்தார்கள். ஹரோல்ட் ஹிம்ஸ்வொர்த் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்து பார்த்தார். நோயாளிகளுக்கு குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, கூடவே இன்சுலினையும் செலுத்தினார். சிலருக்குச் சர்க்கரை ஏறாமல் அடங்கியது. வேறு சிலருக்கோ இன்சுலின் உள்ளே இருந்தும் ஏறியது. முதல் கூட்டத்துக்கு இன்சுலின் இல்லை. இரண்டாவது கூட்டத்தின் உடம்பு இன்சுலின் பேச்சைக் கேட்கவில்லை. 1936இல் அவர் வெளியிட்ட இந்தப் பிரிவினைதான் இன்றைய டைப் 1, டைப் 2 என்பதன் வேர்.

டைப் 1இல், நோய்க்கிருமிகளோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு மண்டலம் சொந்த பீட்டா செல்களையே அழிக்கிறது. இனிப்பு சாப்பிட்டதால் வந்தது என்று பிள்ளையையோ பெற்றோரையோ குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. இன்சுலின் அறவே இல்லாதபோது உடம்பு கொழுப்பைக் கட்டுப்பாடின்றிக் கரைக்கிறது. அப்போது உண்டாகும் கீட்டோன்கள் என்ற அமிலப் பொருள்கள் சேர்ந்து ரத்தம் அமிலமாகிறது. ஊசி இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வேகமான எடை இழப்பு, அடங்காத தாகம், வாந்தி எல்லாம் சேர்ந்து வந்தால் நாள் கடத்தக்கூடாது.

டைப் 2 சந்தடியில்லாமல் வரும். மரபும், கல்லீரலிலும் தசையிலும் சேரும் கொழுப்பும் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. கணையம் இரட்டிப்பாக உழைத்துப் பல ஆண்டுகள் ஈடுகட்டும். அந்தக் காலத்தில் சர்க்கரை அளவு கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும். அப்புறம் பீட்டா செல்கள் களைத்துப்போகும்போதுதான் எண் ஏறுகிறது. ரொம்பவே களைத்துப்போனால் இவர்களுக்கும் இன்சுலின் ஊசி தேவைப்படலாம். அதனால் டைப் 2, டைப் 1 ஆக மாறிவிட்டது என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி மாறுவதில்லை. ஊசி என்பது சிகிச்சை, வகை அல்ல.

கர்ப்பகால நீரிழிவும் இதே கணக்குதான். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் எல்லாக் கர்ப்பிணிகளின் உடம்பிலும் இன்சுலினை மந்தமாக்கும். ஈடுகொடுக்க முடியாத கணையம் மாட்டிக்கொள்கிறது. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் மறைந்துவிடும், ஆனால் பின்னாளில் டைப் 2 வரும் வாய்ப்பு கூடுகிறது. கணைய அழற்சியாலும் ஸ்டீராய்டு மருந்துகளாலும் வருகிற நீரிழிவும் உண்டு.

வயதை வைத்து வகையை ஊகிப்பது பழைய பழக்கம். ஆனால் 40 வயதுக்கு மேலும் டைப் 1 வருகிறது, மெதுவாக, டைப் 2 வேடத்தில். சந்தேகம் வந்தால் பீட்டா செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தேடலாம். சி-பெப்டைடு சோதனையும் உண்டு. கணையம் இன்சுலினைத் தயாரிக்கும்போது வெட்டி எறியும் துண்டு அது. ஊசி மருந்தில் இருக்காது. எனவே ரத்தத்தில் அது இருந்தால் கணையம் இன்னும் வேலை செய்கிறது என்று பொருள்.

ஒற்றை மரபணுக் கோளாறுகள்தான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு வந்த குழந்தைகளை டைப் 1 என்று நம்பி வாழ்நாள் முழுக்க ஊசி போட்டுவந்தார்கள். 2004இல் அவர்களில் பலரிடம் ஒரு மரபணுப் பிழை தெரியவந்தது. பீட்டா செல்கள் அழியவில்லை, இன்சுலினும் உள்ளேயே இருந்தது. அதை வெளியே விட, செல்லின் பொட்டாசிய வாயில் ஒன்று மூட வேண்டும்; அது திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. டைப் 2க்குப் பல காலமாகக் கொடுத்துவந்த சல்பொனைல்யூரியா மாத்திரை அந்த வாயிலை மூடக்கூடியது. கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் ஊசியை நிறுத்திவிட்டார்கள்.